அரை டேங்க் இருந்தும் ரேஞ்ச் ஏன் மளமளவென்று குறைகிறது?

கேள்வி: சேலத்திலிருந்து பெங்களூரு பக்கம் பத்துச் சக்கர லாரி ஓட்டுகிறேன். உருளை வடிவ டேங்க், 250 லிட்டர். போன வாரம் லோடு ஏற்றிக் கிளம்பும்போது முள் சரியாகப் பாதியில் நின்றது. இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று மீட்டர் காட்டும் ரேஞ்ச் 620 கி.மீ. என்று காட்டியது. 165 கி.மீ. ஓடி ஓசூரை நெருங்கும்போது பார்த்தால் 290தான் இருக்கிறது. டீசல் ஒழுகவில்லை, யாரும் எடுக்கவும் இல்லை. முள்ளும் கால் டேங்குக்குக் கீழே வந்துவிட்டால் கடகடவென்று இறங்கிவிடுகிறது. எதைத்தான் நம்புவது?

பதில்: மீட்டர் கெட்டுப்போகவில்லை. ரேஞ்ச் என்று வரும் எண், டேங்கில் மிச்சமிருக்கும் லிட்டரை வண்டி சமீபத்தில் கொடுத்த மைலேஜால் பெருக்கி வருவது. எவ்வளவு தூரத்துச் சராசரியை எடுக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் எந்த வண்டியானாலும் அது ஓடி முடித்த ரோட்டைத்தான் கணக்கில் எடுக்கும். இனிமேல் மேடு வருமா, பின்னால் எத்தனை டன் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். அரை டேங்க் என்றால் 125 லிட்டர் சொச்சம். 620 காட்டியது என்றால் லிட்டருக்கு 5 கி.மீ. என்று போட்டிருக்கிறது. அநேகமாக அதற்கு முன்னால் காலி வண்டியாக இறக்கத்தில் வந்திருப்பீர்கள். அப்புறம் லோடு ஏறியது. சேலத்திலிருந்து ஓசூர் போக தொப்பூர் கணவாய், சூளகிரி மேடு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரம் ஏற வேண்டும். மைலேஜ் மூன்றரைக்கு வந்திருந்தால் 165 கி.மீ.க்கு 47 லிட்டர் போயிருக்கும். மிச்சம் 78. பழைய ஓட்டமும் கொஞ்சம் கலந்த புதிய சராசரியால், மூன்றே முக்கால் போல, அதைப் பெருக்கினால் 290 வந்துவிடுகிறது. லிட்டரும் குறைந்தது, பெருக்கும் எண்ணும் குறைந்தது. அதனால்தான் ஓடிய தூரத்தைப்போல இரண்டு மடங்கு காணாமல் போனது. இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது, டீசல் போடாமலேயே ரேஞ்ச் ஏறுவதையும் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று, ரேஞ்ச் கிலோமீட்டரில் இருப்பதால் நின்ற இடத்தில் எரியும் டீசலை நாம் மறந்துவிடுகிறோம். குடோன் வாசலில் ஏசி போட்டு இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினால் மணிக்கு இரண்டு லிட்டர் போலப் போகும்.

இனி முள். டேங்குக்குள் ஃப்ளோட் என்ற மிதவை ஒன்று மிதக்கிறது. அதோடு சேர்ந்த டேங்க் யூனிட் என்ற சென்சார் அதன் உயரத்தைத்தான் மீட்டருக்குச் சொல்கிறது, லிட்டரை இல்லை. பெட்டி மாதிரி சதுர டேங்க் என்றால் உயரமும் லிட்டரும் ஒரே விகிதத்தில் இறங்கும். படுத்த உருளையில் அப்படி நடக்காது. நடுவில் அகலம் அதிகம், அடியில் குறுகல். பாதி உயரம் என்றால் பாதி டீசல்தான், அதில் தகராறில்லை. ஆனால் கால் உயரம் என்பது உங்கள் டேங்கில் 62 லிட்டர் இல்லை, சுமார் 49தான். அரைக்கால் உயரத்தில் 31 இருக்கும் என்று நினைப்பீர்கள், இருப்பது 18. அதிலும் உறிஞ்சும் குழாய் அடிமட்டத்தைத் தொடாது என்பதால் கடைசிச் சில லிட்டர் இன்ஜினுக்கு வராது. புது வண்டிகளில் இந்த வளைவைக் கணக்கில் எடுத்துத் திருத்தும் அட்டவணை மீட்டரிலேயே இருக்கும். பழைய முள் மீட்டரிலும், கம்பெனி டேங்கைக் கழற்றிவிட்டு வேறு டேங்க் மாட்டிய வண்டியிலும் அது ஒத்துவராது. டேங்கை மாற்றியவர்கள் முள்ளை நம்பவே கூடாது என்பேன்.

இதற்கு நம் டிரைவர்கள் வைத்திருக்கும் பழைய வழியே மேல்: குச்சி. டேங்க் காலியாகும் தருவாயில், சமதரையில் நிறுத்தி, 25 லிட்டர் ஊற்றிச் சுத்தமான மரக்குச்சியை நேராக அடிவரை இறக்குங்கள். நனைந்த இடத்தில் கத்தியால் ஒரு கோடு. இன்னொரு 25, இன்னொரு கோடு. உருளை டேங்கில் கோடுகளுக்கு நடுவே இடைவெளி சமமாக இருக்காது, அடியில் அகலமாகவும் நடுவில் நெருக்கமாகவும் விழும். பங்க்கில் கூட்டமாக இருக்கும்போது இதை ஆரம்பித்தால் திட்டு வாங்குவீர்கள். ஷெட்டில் கேன் வைத்துச் செய்வது உத்தமம். டேங்க் வாயில் திருட்டுத் தடுப்பு வலை இருந்தால் குச்சி இறங்காது. அப்போது ஒவ்வொரு 25 லிட்டருக்கும், மூடியைப் போட்டபின் சாவியைத் திருப்பி, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மைலேஜையும் நீங்களே எடுங்கள். ஃபுல் டேங்க் அடித்து ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, லோடோடு ஒரு நடை போய், திரும்ப ஃபுல் அடியுங்கள். ஓடிய கி.மீ.யை இரண்டாம் தடவை பிடித்த லிட்டரால் வகுங்கள். காலி வண்டிக்குத் தனியாக ஒரு தடவை. லோடு மைலேஜ் மூன்றரை என்று வந்தால், ஓசூரில் இருந்த 78 லிட்டரில் 30ஐக் கழித்துவிட்டு மீதியைப் பெருக்கினால் 168 கி.மீ. நான் அதைத்தான் ரேஞ்ச் என்று எடுத்துக்கொள்வேன், 290ஐ இல்லை.

அந்த 30 லிட்டரைத் தொடாதீர்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. எல்லை தாண்டினால் டீசல் விலை குறைவு என்று ரிசர்வில் இழுத்துக்கொண்டு போகிற பழக்கம் பலரிடம் உண்டு. காமன்ரெயில் இன்ஜினில், அதாவது ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் அதிக அழுத்தத்தில் டீசல் போகும் இன்ஜினில், ஹை பிரஷர் பம்ப்புக்கு டீசல்தான் ஆயில் மாதிரி வழுவழுப்புத் தருகிறது. டேங்க் வற்றி லைனில் ஏர் பிடித்தால் பம்ப் உள்ளே காய்ந்து உராயும். உராய்ந்து வரும் துகள், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போகலாம். லிட்டருக்கு இரண்டு மூன்று ரூபாய் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு பில்லில் போய்விடும். அப்படி நின்றுவிட்டால் செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். டீசல் ஊற்றி, ஃபில்டர் மேல் இருக்கும் கைப்பம்ப்பை அது இறுகும்வரை அழுத்தி, ஏர் எடுத்தபிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கடைசியாக, முள் திடீரென்று குதித்தாலோ, டீசல் போட்ட உடனேயே காலி என்று காட்டினாலோ அது வேறு கோளாறு. மீட்டரை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன்னால் டேங்க் யூனிட்டின் எர்த் ஒயரும் கனெக்டரும் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் வெளியே சேறு படும் இடத்தில் இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் கோளாறு இருக்கும்.