நாஜி வதை முகாம் சாதாரணச் சிறையிலிருந்து எப்படி வேறுபட்டது?

வழக்கு, விசாரணை, தண்டனைக் காலம் எதுவும் இல்லாமல் ஆட்களை அடைத்து வைத்த இடம்தான் நாஜி வதை முகாம். 1933 பிப்ரவரியில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்ததும், மறுநாளே வந்த அவசர ஆணை மக்களின் உரிமைகளைப் பறித்தது. அப்புறம் 'பாதுகாப்புக் காவல்' என்று சொல்லி யாரையும் பிடிக்கலாம். ஒருவரை அறையில் தள்ளிப் பூட்டிவிட்டு, 'உன் நல்லதுக்குத்தான்' என்று சாவியைத் தன் மடியிலேயே செருகிக்கொள்வது போல. முறையிட நீதிமன்றம் கிடையாது.

மார்ச்சில் மியூனிக் அருகே திறந்த டாக்காவ் முகாமில் முதலில் அடைபட்டவர்கள் பெரும்பாலும் கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகவாதிகள், தொழிற்சங்கத்தினர். எதிர்த்துக் கேட்பவர்களை முன்பே அகற்றியதால்தான் யூதர்கள்மீது கை வைப்பது அவ்வளவு சுலபமானது என்பேன். 1938 நவம்பரில் சுமார் 30,000 யூத ஆண்கள், யூதர் என்பதற்காகவே பிடித்து அடைக்கப்பட்டனர்.

எல்லா முகாமும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தின் ட்ரெப்ளிங்கா, சோபிபோர் போன்றவை கொல்வதற்கென்றே கட்டப்பட்டவை, அங்கே வந்திறங்கியவர்களில் பெரும்பாலோர் சில மணி நேரத்திலேயே கொல்லப்பட்டனர்.