சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஆச்சி

கேள்வி: மகனும் மருமகளும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி என்னோடு. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருந்தாள். ஒருநாள் பார்த்துவிட்டேன், கையில் காயங்கள். தானே செய்துகொண்டதாம். "சாகணும்னெல்லாம் இல்ல அப்பத்தா, மனசு தாங்கல" என்கிறாள். முன்னோரைக் கும்பிடும் படைப்பு வீட்டில் நிறுத்திச் சத்தியம் வாங்கினேன். கொஞ்ச நாளிலேயே புதுக் காயம். அப்பச்சிக்கு (அவள் அப்பாவுக்கு) தெரியக்கூடாது என்று அழுகிறாள். பங்காளிகள் சேர்ந்திருக்கும் வளவு வீட்டில் மூன்று புள்ளி (குடும்பம்) இருக்கிறோம். வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?
- ஓர் அப்பத்தா, தேவகோட்டை

பதில்:

அன்புள்ள ஆச்சி,

முதல் வேலையாக அந்தச் சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "பயத்துல வாங்கிட்டேன்டா, அது உன்னைக் கட்டாது. மறுபடி அப்படித் தோணினா எந்நேரமானாலும் என்னை எழுப்பு, திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள். சத்தியத்தால் அந்தப் பழக்கம் நிற்கவில்லை, உங்களிடம் வந்து சொல்லும் வழிதான் அடைபட்டது. பட்ட வேதனை போதாதென்று, முன்னோர் முன்னால் பொய்யாகிப்போனோமே என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டது.

சாக நினைக்கவில்லை என்று அவள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தாங்க முடியாத துக்கமோ கோபமோ வெறுமையோ முட்டும்போது, வேறு வழி தெரியாமல் இப்படிச் செய்துகொள்ளும் பிள்ளைகள் பலர், பையன்களும் உண்டு. பிறகு வெட்கம் பிடுங்கும், அந்த வெட்கமே அடுத்த முறைக்குத் தள்ளும். இது நடிப்பில்லை. ஊரைக் கூட்டுவதற்காகச் செய்பவள் சித்திரையில் முழுக்கைச் சட்டை போடுவாளா?

அதற்காகச் சும்மா விட்டுவிடவும் முடியாது. இப்படிச் செய்துகொள்பவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை எண்ணம் வரும் வாய்ப்பு அதிகம். அதனால், "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று அவ்வப்போது நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. உங்கள் பிரஷர் மாத்திரை உட்பட எல்லா மருந்துகளையும் பூட்டி வையுங்கள். ஆனால் தினமும் கையைக் காட்டச் சொல்லாதீர்கள். காயம் இருந்தால் கத்தாமல் கழுவி மருந்து போடுங்கள், ஆழமாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

காயப்படுத்திக்கொள்ளத் தோன்றும் அந்த வேகம் ஏறும், கொஞ்ச நேரத்தில் இறங்கும். இறங்கும்வரை பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். எதிரே உட்கார வைத்து விசாரித்தால் எந்தப் பிள்ளையும் பேசாது. முற்றத்தில் மாவைப் பிசைந்து வைத்துக் கைமுறுக்குச் சுற்றக் கூப்பிடுங்கள். கை வேலையில் இருக்க, கண் மாவில் இருக்க, வாய் தானாகத் திறக்கும். திறக்கும்போது நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். (ஆச்சிமார்களுக்கு அது கஷ்டம்தான்.)

பாசத்தோடு சிகிச்சையும் வேண்டும். 14416 டெலி-மானஸ், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய இலவச மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், நீங்களும் பேசலாம். நேரில் காட்ட சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது.

கல்யாணக் கவலைக்கு ஒன்று சொல்கிறேன். இந்தத் துன்பத்துக்கென்றே பேர்பெற்ற ஒரு பேச்சுச் சிகிச்சையை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன். பதின்வயதில் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு மனநல மருத்துவமனையில் இருந்தவர் அவர். 2011-இல் அவரே அதை வெளியே சொன்னார். பதினொன்றாம் வகுப்புக் காயத்தை வைத்து உங்கள் பேத்தியின் ஆயுசைக் கணக்குப் போடாதீர்கள். வளவில் மற்றவர்களுக்கு இது தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

மகனுக்குத் தெரிந்தாக வேண்டும். பதினெட்டு ஆகாத பிள்ளை, சிகிச்சைக்குப் பெற்றோர் துணை வேண்டும். ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் சொல்லாதீர்கள். என்றைக்கு, யார் பேசுவது, எதைச் சொல்வது என்பதை அவளோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். முடிவானதும், அவளுக்குத் தெரிந்தே முதலில் மகனிடம் நீங்கள் தனியாகப் பேசி, "ஏன் இப்படிப் பண்ணினே"ன்னு மட்டும் அவகிட்ட ஆரம்பிக்காதே என்று சொல்லி வையுங்கள். அதன்பிறகு போனை அவள் கையில் கொடுங்கள்.