வேனுக்கு எந்த சார்ஜர்? கேள்வி பதில்

எல்லா பதிலும் 12 வோல்ட் வண்டிகளுக்கு. எஞ்சினை ஸ்டார்ட் செய்வது வண்டி பேட்டரி. ஃபிரிட்ஜ், விளக்கு, பம்ப் ஓட்டுவது வீட்டு பேட்டரி. எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குவது ஆல்டர்னேட்டர். அந்தக் கரண்டை வோல்டேஜ் சரிசெய்து வீட்டு பேட்டரிக்கு ஏற்றுவது டிசி டு டிசி சார்ஜர். ஏஎச் என்றால் ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது.

கேள்வி: சார், டெம்போ டிராவலரை கேரவனா மாத்திட்டு இருக்கோம். சோலார், டிசி டு டிசி சார்ஜர், கரண்ட்ல போடுற சார்ஜர் மூணும் வாங்க பட்ஜெட் இல்ல. எதை முதல்ல வாங்குறது?

பதில்: முதலில் ஒரு நாள் செலவைக் கணக்குப் போடுங்கள். 50 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். நம் வெயிலில் பாதி நேரம் ஓடும், ஆக 48 ஏஎச். கூரை ஃபேன் 2 ஆம்பியர், 8 மணி நேரத்துக்கு 16. விளக்கு, பம்ப், போன் எல்லாம் சேர்ந்து இன்னொரு 15. மொத்தம் 80 ஏஎச் பக்கம் வருகிறது.

30 ஆம்பியர் டிசி டு டிசி இதை மூன்று மணி நேர ஓட்டத்தில் ஈடுகட்டிவிடும். கூரையில் படுக்கையாக வைத்த 200 வாட் பேனல் நல்ல வெயிலில் 50 ஏஎச் கொடுத்தாலே பெரிது. தினமும் ஊர் மாறுபவருக்கு டிசி டு டிசி. ஒரே இடத்தில் மூன்று நாள் நிறுத்துபவருக்கு சோலார். பேட்டரி லெட் ஆசிட் வகையாக இருந்தால் ஒரு 15 ஆம்பியர் கரண்ட் சார்ஜரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி 20 சதவீதம் ஏற பல மணி நேரம் பிடிக்கும். வண்டி ஓட்டத்தில் அது நிரம்பாது. பாதியிலேயே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டுவிடும். ஏசி ஓட்டும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். பழைய வேனில் இருந்த ஸ்பிலிட் சார்ஜ் ரிலேயைக் கழற்றி யூரோ 6 புகை விதிப்படி வந்த ஃபியட் டுகாட்டோ வேனில் மாட்டினேன். எவ்வளவு ஓட்டினாலும் வீட்டு பேட்டரி நிரம்பவில்லை. ரிலே போய்விட்டதா?

பதில்: ரிலே நன்றாகத்தான் இருக்கும். அது இரண்டு பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்தான். உங்கள் வண்டியில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். வண்டி பேட்டரி நிரம்பியதும் டீசலை மிச்சம் பிடிக்க வோல்டேஜை 12.5 பக்கம் இறக்கிவிடும். பிரேக் பிடிக்கும்போது 15 வரை ஏற்றும். வோல்டேஜ் பார்த்து வேலை செய்யும் ரிலே பொதுவாக 13.3-ல் சேரும், 12.8-ல் விடும். அதனால் பாதி வழி துண்டித்தே கிடக்கும். டிசி டு டிசி சார்ஜர் உள்ளே 12.5 வந்தாலும் வெளியே 14.4 கொடுக்கும்.

மாட்டும்போது இரண்டு விஷயம். சாவி போட்டால் உயிர் வரும் ஒயர் ஒன்றை சார்ஜருக்குக் கொடுங்கள். வோல்டேஜை வைத்து எஞ்சின் ஓடுவதைக் கண்டுபிடிக்கும் வசதி இந்த வண்டிகளில் ஏமாறும். இரண்டாவது, வண்டி பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். உங்கள் எர்த் ஒயரை அந்த முனையில் மாட்டாமல் சேஸிஸில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் வண்டியின் கணக்கு குழம்பும்.

பிஎஸ்6 வண்டி வைத்திருப்பவர்கள் அரை மணி ஓட்டிய பிறகு, ஓட்டத்திலேயே பக்கத்தில் இருப்பவரை வோல்ட் மீட்டர் பார்க்கச் சொல்லுங்கள். 13.8-க்கும் 14.4-க்கும் நடுவே நிலையாக நின்றால் சாதாரண ஆல்டர்னேட்டர்.

கேள்வி: 30 ஆம்பியர் சார்ஜர் வாங்கியாச்சு. எலக்ட்ரீஷியன் 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர் போதும்னு சொல்றார். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் 6 மீட்டர் தூரம். போதுமா?

பதில்: போதாது. 30 ஆம்பியர் வெளியே கொடுக்க சார்ஜர் உள்ளே 40 வரை இழுக்கும். போக வர 12 மீட்டர் செம்பு. 6 ஸ்கொயரில் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், 10-ல் 0.84, 16-ல் அரை வோல்ட். 6 ஸ்கொயர் போட்டவர்களின் புகார் எப்போதும் ஒன்றுதான்: சார்ஜர் நிமிஷத்துக்கு ஒரு தரம் அணைந்து அணைந்து எரிகிறது. லோடு ஏறியதும் வோல்டேஜ் விழும், சார்ஜர் நிற்கும், நின்றதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி ஓடும்.

16 ஸ்கொயர், பல இழை ஒயர் போடுங்கள். உள்ளே வரும் ஒயரில் 60 ஆம்பியர் ஃபியூஸ், வண்டி பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். வெளியே போகும் ஒயரில் வீட்டு பேட்டரி பக்கத்திலும் ஒரு ஃபியூஸ் கட்டாயம். ஒயர் உரசி ஷார்ட் ஆனால் அந்தப் பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். லக்கை (ஒயர் நுனியில் மாட்டும் உலோகக் காது) சுத்தியலால் தட்டி நசுக்க விடாதீர்கள். அறுகோண டை உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்தியதை இழுத்துப் பாருங்கள். முழு லோடில் மீட்டரின் ஒரு முனையை லக்கிலும் மறுமுனையை போல்ட்டிலும் வைத்தால் சில மில்லிவோல்ட்தான் காட்ட வேண்டும். நூறைத் தொட்டால் அந்த ஜாயின்ட் சூடாகிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டரில் இருந்த 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது. வேனில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். 50 கிலோவுக்கு மேல் எடை, குலுங்கினால் ஆசிட் சிந்தும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். படுக்கைக்கு அடியில் வைக்கிற சாமான் இல்லை.

கேள்வி: டொரண்டோவிலிருந்து. 100 ஏஎச் லித்தியம் போட்டுவிட்டேன். பழைய ஏஜிஎம் (மூடிய லெட் ஆசிட் வகை) சார்ஜரே ஓடுமா? வண்டியில் 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்.

பதில்: லெட் ஆசிட்டின் சல்பேட்டைக் கரைக்கும் ஈக்வலைஸ், டீசல்ஃபேஷன் போன்ற மோடுகளை நிறுத்த முடிந்தால் ஓடும். அவை 15 வோல்ட்டைத் தாண்டும். பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டான பிஎம்எஸ் வெட்டிவிடும். 14.2 முதல் 14.4 வரை ஏற்றம், நிரம்பிய பின் ஃப்ளோட் 13.5, வெப்பநிலைக்கு ஏற்ப வோல்டேஜை மாற்றும் வசதி அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆல்டர்னேட்டரோடு நேராக இணைக்காதீர்கள். லித்தியம் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஐடிலில் ஆல்டர்னேட்டரின் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது அது சூடேறி எரியக்கூடும். 90 ஆம்பியருக்கு 30 ஆம்பியர் டிசி டு டிசி போதும். 50 போட்டால் 60-க்கு மேல் இழுக்கும், டிராஃபிக்கில் ஆபத்து. உங்கள் ஊர்க் குளிரில் 0 டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யவே கூடாது. உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். குளிரில் சார்ஜை வெட்டும் பிஎம்எஸ் இருக்கிறதா என்று பாருங்கள், பேட்டரியை ஹீட்டர் ஓடும் அறைக்குள் வையுங்கள்.

கேள்வி: வீட்டு மாடியில் போடும் 540 வாட் பேனல் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது. பிடபிள்யூஎம் சோலார் கன்ட்ரோலர் ஏற்கெனவே இருக்கு, போதுமா?

பதில்: பேனல் நல்ல யோசனை, நீளம் 2.27 மீட்டர் வரும், கூரையை அளந்துவிட்டு வாங்குங்கள். கன்ட்ரோலர்தான் பாழாக்கும். பேனல் கொடுப்பது 13 ஆம்பியர், அதன் வோல்டேஜை பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறக்கிவிடுவதால் 170 வாட்தான் மிஞ்சும். 100 வோல்ட் தாங்கும் 30 ஆம்பியர் எம்பிபிடி (பேனலின் கூடுதல் வோல்டேஜை ஆம்பியராக மாற்றும் கன்ட்ரோலர்) வாங்கினால் 400 வாட்டுக்கு மேல் எடுக்கலாம். கன்ட்ரோலரில் மாட்டும்போது முதலில் பேட்டரி ஒயர், பிறகு பேனல் ஒயர். கழற்றும்போது பேனல் முதலில்.