முத்திரை யார் கையில்? பழம்பேரரசுகளின் அரசவை அதிகாரிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சீனத்தின் சின் பேரரசில் தலைமை அமைச்சர் லீ சியைவிடப் பதவியில் தாழ்ந்த ஜாவோ காவோ மேலோங்கியது எப்படி?

பதில்: கி.மு. 210இல் முதல் பேரரசர் சுற்றுப்பயணத்தின் நடுவே இறந்தபோது, மூத்த மகன் ஃபூசூவுக்கு அவர் எழுதிய கடிதம் அனுப்பப்படாமல் ஜாவோ காவோவிடமே கிடந்தது. முத்திரையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அவர் லீ சியை இணங்கவைத்து, கடிதத்தை மறைத்து, ஃபூசூவைத் தற்கொலை செய்துகொள்ளுமாறு பொய்யாணை அனுப்பி, இளையவன் ஹூஹாயை அரியணை ஏற்றினார். அதுவரை இறப்பு வெளியே தெரியாதபடி, மூடிய வண்டிக்குள் வழக்கம்போல் உணவு போனது. வெயிலில் எழுந்த பிணவாடையை மறைக்கக் கருவாடு ஏற்றிச் சென்றார்கள் என்று சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதுகிறார். கி.மு. 208இல் லீ சியே கொல்லப்பட்டார். ஆகவே பட்டத்தைப் பார்க்காதீர்கள். அரசனின் கதவும் முத்திரையும் யாரிடம் இருந்தன என்று பாருங்கள்.

கேள்வி: சாணக்கியரைவிடச் செல்வாக்கு மிக்கவர் உண்டா?

பதில்: மௌரிய அரசவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸின் எஞ்சிய குறிப்புகளில் அவர் பெயர் இல்லை. நமக்குத் தெரிந்த கதை பிற்கால நூல்களிலிருந்து வந்தது. அதை வைத்து ஒப்பிட முடியாது.

கேள்வி: ரோமில் இதற்கு இணை உண்டா?

பதில்: பேரரசர் கிளாடியஸின் விடுதலை பெற்ற அடிமைகளைச் சொல்வேன். கடிதங்கள் நார்சிஸஸிடமும் கணக்குகள் பல்லாஸிடமும் இருந்தன. கி.பி. 48இல், அரசி மெஸ்ஸலினாவை மறுநாள் விசாரிக்கலாம் என்று விருந்தில் பேரரசர் இளகத் தொடங்கியதும், நார்சிஸஸ் வெளியே விரைந்து அவளைக் கொல்ல ஆணையிட்டார். ஆனால் 54இல் கிளாடியஸ் இறந்ததும் நார்சிஸஸின் உயிரும் போயிற்று. இதைச் சொல்லும் டாசிட்டஸ் ரோமானிய ஆட்சிமன்ற உறுப்பினர்; நேற்றுவரை அடிமையாக இருந்தவர் ஆள்வதை அவ்வகுப்பு சகிக்கவில்லை. எழுதியவர் யார் என்பதை மறவாதீர்கள்.

கேள்வி: முதல் பதிலை மறுக்கிறேன். எழுத்தை ஒருமைப்படுத்தியதில் பங்காற்றியவர், நாட்டை 36 மாவட்டங்களாகப் பிரிக்க வாதிட்டவர் லீ சி. மூன்றாண்டுச் சூழ்ச்சிக்காரரை அவருக்கு மேலே வைப்பது முறையா?

பதில்: இதில் பாதியை மனமார ஏற்கிறேன். அரசின் மீது செலுத்தும் செல்வாக்கு வேறு, அரசன் மீது செலுத்தும் செல்வாக்கு வேறு. நான் இரண்டையும் கலந்துவிட்டேன். லீ சி வாதாடிய மாவட்ட ஆட்சி, அவரைக் கொன்ற பேரரசு அழிந்த பிறகும் ஹான் ஆட்சியில் பெரும்பகுதி நிலைத்தது. ஆயினும் அத்தகையவரால் தன் உயிரைக் காக்க முடியவில்லை. ஏனெனில் இரண்டாம் பேரரசரை அவர் எப்போது சந்திக்கலாம் என்பதை ஜாவோ காவோ முடிவு செய்தார்.

கேள்வி: சாணக்கியர் பற்றி விரிவாகச் சொல்லக் கூடாதா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: சோழர் அரசவையில்?

பதில்: திருமந்திர ஓலை, அதாவது அரசனின் ஆணை, எழுதுவோரில் தொடங்குங்கள், மற்றதைக் கல்வெட்டு அறிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஜாவோ காவோ அண்ணகர் (விதை நீக்கப்பட்டவர்) தானே?

பதில்: அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இங்கும் எழுதியவர் யார் என்று பாருங்கள்: சின்னை அடுத்து வந்த ஹான் அரசவையில் இருந்தவர் சிமா சியான்.

கேள்வி: அரசனின் கதவும் முத்திரையும் ஒருவரிடமே சிக்கும் ஆபத்தை எந்தப் பேரரசாவது முன்கூட்டியே தடுக்க முயன்றதா?

பதில்: இன்று வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. எகிப்தில் மூன்றாம் துட்மோஸின் தலைமை அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில் அப்பதவிக்குரிய கடமைகள் எழுதப்பட்டுள்ளன. அவற்றின்படி, அமைச்சர் நாள்தோறும் அரசரை வணங்கி நிலவரம் கூற வேண்டும். பின்னர் கருவூலத் தலைவரும் அவரும் நேருக்கு நேர் நின்று, தத்தம் துறையில் எல்லாம் சரியாக இருப்பதாக ஒருவருக்கொருவர் அறிவிக்க வேண்டும். அதன் பிறகே அரண்மனைக் கதவுகளைத் திறக்க ஆள் அனுப்பப்படும்.