வாசகர் கேள்வி: அடுக்ககம் வந்தது, மளிகைக் கடை எங்கே?

கேள்வி: அமெரிக்க நகர மையங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியும் மளிகைக் கடைகள் தாமதமாகவே வருவது ஏன்?

பதில்: லாஸ் ஏஞ்சல்ஸையே எடுத்துக்கொள்வோம். காலியாகக் கிடந்த பழைய அலுவலகக் கட்டடங்களை வீடுகளாக மாற்றுவதை எளிதாக்கும் விதி அங்கே 1999இல் வந்தது. நகர மையத்தில் ‘ரால்ஃப்ஸ்’ பேரங்காடி திறக்கப்பட்டதோ 2007இல்தான். மளிகை வியாபாரத்தில் லாபம் சொற்பம் என்பதால், மதியச் சாப்பாட்டுக்கு வந்துபோகும் ஊழியர்களை மட்டும் நம்பி எவரும் கடை போடுவதில்லை. ரொட்டியும் பாலும் காய்கறியும் வாரந்தோறும் வாங்கக்கூடிய குடித்தனங்கள் எத்தனை என்றே கணக்குப் பார்க்கிறார்கள். சரக்கு லாரி பின்வாங்கி நிற்கவும் இடம் வேண்டும். பழைய கட்டடங்களில் அதற்கு வழி காண்பது கடினம். புதிதாகக் கட்டும்போதே தரைத்தளத்தைக் கடைக்கென ஒதுக்கிவிடுவது நல்ல ஏற்பாடு. 2015இல் ‘ஹோல் ஃபுட்ஸ்’ பேரங்காடி லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்தில் புதிய அடுக்ககம் ஒன்றின் கீழ்த்தளத்தில்தான் திறக்கப்பட்டது.