குவிஸ்லிங் யாரைக் காத்தார்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நார்வே பற்றிய உங்கள் குறிப்பில், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியருடன் கைகோத்த அந்நாட்டு அரசியல்வாதி குவிஸ்லிங்கைத் துரோகி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். நடுநிலை வகித்த சிறிய நாடு அது. ஜெர்மானியர் நேரடியாக ஆள்வதைவிட உள்ளூர்க்காரர் ஒருவர் நடுவில் நிற்பது மக்களுக்குப் பாதுகாப்புதானே?

எம்.

அன்புள்ள எம்.,

அந்நியர் பிடித்த ஊரிலும் ரேஷன் கொடுக்கவும் ரயில் ஓட்டவும் ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்த குமாஸ்தாவை நான் குறை சொல்லமாட்டேன். குவிஸ்லிங் அந்தக் கணக்கில் வரமாட்டார். 1940 ஏப்ரல் 9 அன்று, ஜெர்மானியப் படை இறங்கிய அதே நாள் மாலையில், வானொலி நிலையத்துக்குப் போய்த் தானே பிரதமர் என்று அறிவித்துக்கொண்டவர் அவர். நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூட இல்லாத கட்சி அவருடையது. அவரை நியமிப்பதைவிட முடிதுறப்பேன் என்று மன்னர் ஏழாம் ஹோகோன் அமைச்சர்களிடம் சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்குள் ஜெர்மானியரே குவிஸ்லிங்கை ஒதுக்கிவைத்தார்கள். 1942 பிப்ரவரியில் அரசின் தலைமை அவருக்குத் தரப்பட்டபோதும் கடிவாளம் ஹிட்லரின் ஆணையர் டெர்போவன் கையிலேயே இருந்தது.

நடுவில் நின்று அவர் யாரைக் காத்தார்? யூதர்களின் சொத்தைப் பறிக்கும் சட்டத்தை 1942 அக்டோபரில் இயற்றியது அவருடைய அரசு. நவம்பர் 26 அன்று ஆஸ்லோவில் வீடு வீடாகச் சென்று பெண்களையும் குழந்தைகளையும் பிடித்தவர்கள் பெரும்பாலும் நார்வேக் காவலர்கள். துறைமுகத்துக்கு ஏற்றிச்செல்ல ஊரின் டாக்சிகளே வந்தன. டோனாவ் என்ற கப்பலில் அன்று அனுப்பப்பட்ட 500-க்கும் மேற்பட்டோரில் போருக்குப் பின் எஞ்சியவர்கள் பத்துப்பேர்கூட இல்லை. தன் மொழி பேசும் காவலர்தானே என்று எத்தனை பேர் கதவைத் திறந்திருப்பார்கள் என நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

பிள்ளைகளைக் காத்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள். கட்சியின் ஆசிரியர் சங்கத்தில் அனைவரும் சேரவேண்டும், சிறுவர் சிறுமியர் கட்சியின் இளைஞர் அணியில் சேரவேண்டும் என்று 1942 பிப்ரவரியில் குவிஸ்லிங் சட்டம் போட்டார். சுமார் 14,000 ஆசிரியர்களில் ஏறத்தாழ 12,000 பேர், இதில் என்னால் பங்கேற்க இயலாது என்ற பொருளில் ஒரே வாசகத்தை அவரவர் எழுதி, சொந்தப் பெயரில் கையெழுத்திட்டு அரசுக்கு அனுப்பினார்கள். எரிபொருள் இல்லை என்று காரணம் சொல்லி அரசு பள்ளிகளை மூடியது. மார்ச்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கைதுசெய்து, அவர்களில் பாதிப்பேரை ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பாலிருந்த கிர்க்கெனெஸுக்குக் கப்பலேற்றியது. அங்கே சுண்ணாம்புக்கட்டி பிடித்த கைகள் ஜெர்மானியப் படைக்காக மூட்டை இறக்கின. ஆனாலும் சங்கம் அமையவில்லை, பிள்ளைகளும் அணிக்குப் போகவில்லை. எல்லாவற்றையும் கெடுத்தவர்கள் நீங்கள்தான் என்று ஒரு பள்ளிக்கே போய் ஆசிரியர்களிடம் சீறினார் குவிஸ்லிங். கிர்க்கெனெஸில் இருந்தவர்கள் நவம்பருக்குள் வீடு திரும்பினார்கள்.