போர்க்களத்தையே பார்க்காமல் பயிற்சியில் இறந்துபோன விமானியைப் போர்வீரர் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி எண்பது ஆண்டுகளாக இருக்கிறது.

நாங்கள் குன்னூர்க்காரர்கள். பாட்டியின் அப்பா ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கர். பாட்டிக்கு ஒரே அண்ணன். இரண்டாம் உலகப் போரின்போது இந்திய விமானப் படையில் சேர்ந்து, ஹைதராபாத்தின் பேகம்பேட்டையில் டைகர் மாத் விமானத்தில் பறக்கக் கற்றுக்கொண்டார். அடுத்த கட்டப் பயிற்சிக்காக வடக்கே போனார். 1943இல் தந்தி வந்தது. அவருக்கு வயது 21, பாட்டிக்கு 13.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எந்தச் சண்டையில் என்று கேட்பார்களாம். பயிற்சியில் என்றதும், "அடடா, சண்டைக்குப் போகுமுன்பேயா!" என்பார்களாம். கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கொள்ளுத்தாத்தா அதற்குப் பிறகு மகனைப் பற்றி வெளியாரிடம் வாயே திறக்கவில்லை. பர்மா எல்லையில் விழுந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பார் என்று பாட்டி வருத்தப்படுவார்.

பயிற்சி என்றால் பத்திரமான இடம் என்று நினைக்கிறோம். அந்தப் போரில் அது அப்படி இருக்கவில்லை. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் இறந்த 55,573 பேரில் 8,000க்கும் மேற்பட்டோர் பயிற்சியிலும் விபத்திலும் போனவர்கள். அமெரிக்கா தன் மண்ணிலேயே சுமார் 15,000 விமானப் படையினரைப் பறிகொடுத்தது. போர்முனை ஆள் கேட்டுக்கொண்டே இருந்தது. கார்கூட ஓட்டியிராத பையன்கள் சில மாதங்களில் இரவிலும் மேகத்திலும் தனியாகப் பறக்கவேண்டியிருந்தது. அவர்கள் போருக்கு வெளியே இறந்ததாக எப்படிச் சொல்வது?

உலகப் போர்களில் இறந்த படையினரின் பெயர்களைக் காக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர் என்றால் போதும். குண்டு பட்டோ, விபத்திலோ, காய்ச்சலிலோ, எல்லோருக்கும் ஒரே மரியாதை. ஒருமுறை பாட்டியைச் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். அவருடைய அண்ணனை வடக்கிலேயே தகனம் செய்துவிட்டார்கள். அவருக்கென்று கல் கிடையாது. பாட்டி விமானப் படையின் சிறகு விரித்த பறவைச் சின்னம் பொறித்த கற்களாகத் தேடி நின்றார். ஆங்கிலம் அதிகம் தெரியாது, வயது எண்களைப் படித்தார்: 20, 22, 19. எப்படி இறந்தார்கள் என்று இதில் போட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லது" என்றார்.

2021 டிசம்பர் 8 அன்று எங்கள் குன்னூரை அடுத்த காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விமானப் படை ஹெலிகாப்டர் மேகத்துக்குள் சிக்கி விழுந்தது. அந்த ஊர் மக்கள் கம்பளியும் தண்ணீருமாக ஓடியதை மறக்க முடியாது. தொலைக்காட்சி முழுக்க, அதில் இறந்த முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தின் பெயர். 91 வயதுப் பாட்டி கேட்டதோ, ஓட்டிய பிள்ளையின் வீட்டுக்குத் தந்தி போய்விட்டதா என்று. பிறகு அண்ணனின் பறப்புப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார்.

நீல அட்டை போட்ட நோட்டு அது. தேதி, விமானம், பயிற்சி, நேரம் என்று கோடு போட்ட பக்கங்கள். கடைசி வரி: தலைக்கு மேல் துணியால் மூடிக்கொண்டு, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சி, 1 மணி 10 நிமிடம். அவர் இறந்த பறப்பு அதில் இல்லை. தரையிறங்கி வந்த பிறகுதானே எழுதுவார்கள். அந்தப் பக்கத்தில் பாதி வரிகள் காலியாகவே இருக்கின்றன.

பக்கம் நிறைந்ததும் மொத்த நேரத்தைக் கூட்டி எழுத அடியில் ஒரு கட்டம் உண்டு. மற்றப் பக்கங்களில் அண்ணன் மையில் எழுதியிருக்கிறார். இந்தப் பக்கத்தில் பென்சில்: 112 மணி 40 நிமிடம். அது கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து.